கருவைக்குத் தண்ணீர் ஊற்றிய வீடு

போன வாரம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக் கட்டிலில் போட்டுவிட்டு நீ சொன்னாய், தாயி: "அப்பா, அந்தக் கண்டக்டர்ட்ட சொல்லுங்க. நம்ம ஸ்டாப்புக்கு வேற பேரு சொல்லச் சொல்லுங்க." உன் தம்பியும் பக்கத்தில் நின்று தலையாட்டினான். பஸ் நிறைய ஆள் இருக்கும்போது "கருவக்காடு எறங்கு" என்று அவர் குரல் கொடுப்பதும், பின் சீட்டுப் பையன்கள் அதைப் பிடித்துக்கொண்டு இழுத்து இழுத்துச் சொல்வதும் உங்கள் இரண்டு பேருக்கும் கஷ்டமாக இருக்கிறது. அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் நான் கண்டக்டரிடம் சொல்லப் போவதில்லை.

ஏன் என்று வாயால் சொன்னால் நடுவில் போன் வரும், மோட்டார் நிற்கும், ஆடு உள்ளே வரும். அதனால் எழுதித் தருகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். பிழை இருந்தால் நீ சிவப்புப் பேனாவால் சுழித்துக்கொள். விஷயத்தில் பிழை இருக்காது.

காடு என்று நாம் சொல்கிற நம் நிலம் கரிசல். என்னைப் பெற்ற உங்கள் தாத்தா இதில் பருத்தியும் கம்பும் போட்டார். அவர் போன பிறகு பெரியப்பா காரியாபட்டியில் பலசரக்குக் கடை வைத்துப் போய்விட்டார். நான் அருப்புக்கோட்டையில் ஒரு இரும்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலில் லோடு இறக்கினேன். பிறகு ஆணி, தகரம், கம்பி எடுத்துக் கொடுக்கும் இடத்துக்கு வந்தேன். உழுகிற ஆள் இல்லாத நிலத்தைச் சீமைக்கருவேலம் விட்டுவைக்காது. கருவை என்று சுருக்கமாகச் சொல்கிறோமே, அதுதான். முதலில் வரப்பில் நின்றது. பிறகு உள்ளே இறங்கியது. சில வருடம் கழித்து நான் போய்ப் பார்த்தபோது, தாத்தா ஏர் திருப்பிய இடம் எது, களம் இருந்த இடம் எது என்று எனக்கே தெரியவில்லை. ஆடுகூடக் குனிந்துதான் உள்ளே போக வேண்டும்.

அப்படிப் போன நிலத்துக்கு நம் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. கருவை நன்றாக முற்றும்வரை விட்டுவிடுவார்கள். பிறகு மூட்டம் போடுகிறவரைக் கூப்பிடுவார்கள். அவர் ஆள் வைத்து வெட்டி, கட்டையை அடுக்கி, மேலே மண் பூசித் தீ வைத்துக் கரியாக்கி லாரியில் ஏற்றிக்கொண்டு போவார். அவர் கொடுப்பதை வாங்கிக்கொண்டு, வெட்டின அடியிலிருந்து கருவை தானாகத் தழைக்கும் வரை மறுபடி சும்மா இருக்கலாம். உழவு இல்லை, விதை இல்லை, வானத்தைப் பார்க்க வேண்டியதும் இல்லை. அப்படிச் செய்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கும் வயிறு இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை, அவ்வளவுதான். என் நிலத்தில் எனக்கு என்ன வேலை என்பதைக் கருவை முடிவு செய்வது பிடிக்கவில்லை.

அப்போது நாம் டவுனில் வாடகை வீட்டில் இருந்தோம். உன் தம்பிக்கு மூன்று வயது. பின்பக்கம் பாத்திரம் கழுவுகிற இடத்தில் ஒரு மாங்கொட்டை முளைத்து, செம்பு நிறத்தில் இலை விட்டது. அம்மா அதைச் சுற்றி நாலு செங்கல் வைத்திருந்தாள். வீட்டுக்காரர் ஒருநாள் வந்து பார்த்தார். "வேரு விட்டுச்சுன்னா செவரு வெடிச்சுரும்மா" என்று மரியாதையாகத்தான் சொன்னார். சொல்லிக்கொண்டே பிடுங்கி அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவர் சுவர், அவர் பிடுங்கினார். அம்மா அதை ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருந்து, நான் கடை விட்டு வந்ததும் காட்டினாள்.

"இதைக் கொண்டுபோயி நட நமக்கு ஒரு எடம் இல்லையா?"

"காடு கெடக்கு. கருவையா கெடக்கு."

"கருவை கெடக்குன்னா எடம் இருக்குன்னுதானே அர்த்தம்" என்றாள்.

அந்தக் கன்று பிழைக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சு பிழைத்துக்கொண்டது.

காரியாபட்டிக்குப் போனேன். பெரியப்பா கடையில் பருப்புப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். கட்டிக்கொண்டே கேட்டார்.

"என்னலே, சொல்லாமக் கொள்ளாம?"

"நம்ம காட்டுல வீடு கட்டலாம்னு இருக்கேண்ணே. கருவையைத் தள்ளிட்டுப் பழமரம் வைக்கப் போறேன்."

"என்ன பழமரம்?"

"கொய்யா, சப்போட்டா, சீத்தா, நெல்லி. கொஞ்சம் மா."

பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு, சாமான் வாங்க வந்திருந்தவரைப் பார்த்தார். "கேட்டீகளா, எந்தம்பி கரிசக்காட்டுல மாந்தோப்பு வைக்கப் போறான். அடுத்த வருசம் ஆப்பிளு வைப்பான். சொல்லி வைங்க, பெறகு கிடைக்காது."

வந்தவர் சிரித்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். பெரியப்பா என் பக்கம் திரும்பினார்.

"ஏலே, போருல உப்புத் தண்ணி. வெயிலுக்கு நெலம் வெடிச்சா காலு உள்ள போயிரும். மழைக்குச் செருப்பை உருவிக்கிரும். இதுல வச்சு எவன் பழம் திங்கப் போறான்?"

"எம்பிள்ளைக திங்கும்."

நான் இவ்வளவு சத்தமாகச் சொல்வேன் என்று எனக்கே தெரியாது. கடையில் யாரும் சிரிக்கவில்லை. பெரியப்பா பொட்டலத்தை மறுபடி எடுத்து நூல் சுற்றி முடிச்சுப் போட்டார். பிறகு கடைக்காரராகவே பேசினார்.

நிலம் அப்போது எங்கள் இரண்டு பேருக்கும் பொது. பாகம் பிரிக்கவில்லை. அவர் சொன்னது இதுதான். "மேக்கால பாதியில நீ என்னமும் பண்ணிக்க. கன்னு நட்டு ஒரு கோடை தாண்டட்டும். அதுக்குப் பெறகு வார ஆடியில நான் வந்து பாப்பேன். கன்னு நின்னுச்சுன்னா கல்லு ஊனிப் பாகம் பிரிச்சுக்குவோம், அது உன்னோடது. நிக்கலேன்னா வம்பு பண்ணாம மறுபடியும் கருவைக்கு விட்றணும். வீட்டை மூட்டக்காரரு சாமான் போட வச்சுக்கட்டும். சரியா?"

சரி என்றேன். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு அந்த நிலம் சோறு போடாத நிலமாகத்தான் தெரிந்தது. தாத்தா அதில் கருகினதைப் பார்த்தவர் அவர்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா உனக்குத் தலைசீவிக்கொண்டிருந்தாள். சீப்பை எடுக்காமலே கேட்டாள்.

"என்னைக் கேக்காம, இன்னும் கட்டாத வீட்டை வச்சுப் பந்தயம் கட்டிட்டு வந்திருக்கீக."

"ஆமா."

"அப்பச் செவரை நல்லா வைங்க. மூட்டக்காரருக்குச் சாமான் போட வசதியா இருக்கணும்ல."

அதற்குப் பிறகு அந்தப் பந்தயம் என்னுடையதாக இல்லை. பாதிக்கு மேல் அவளுடையதாகிவிட்டது.

மேற்குப் பாதிக் கருவையை ஜேசிபி வைத்துத் தள்ளினோம். பெருங்கட்டைகளை மூட்டம் போடுகிறவர் வந்து அங்கேயே கரியாக்கி எடுத்துக்கொண்டு போனார். போகும்போது, "ஆடியில வாரேன்" என்றார். பெரியப்பா அவரிடமும் சொல்லி வைத்திருக்கிறார்.

வீடு கட்ட வந்த கொத்தனார் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிய குழியில் இறங்கி, கரிசலை ஒரு கை அள்ளிப் பிசைந்து பார்த்துவிட்டுச் சொன்னார். "இது ஒரு எடத்துல நிக்காதுங்க. மழைக்கு எந்திரிக்கும், வெயிலுக்கு உக்காரும். மேல இருக்கிற வீடும் கூடவே எந்திரிச்சு உக்காரும்." கடினத் தரை தட்டும்வரை தோண்டி, சரளையும் மணலும் போட்டு இடித்து, அதன் மேல் கட்டினோம். ஹாலோ பிளாக் சுவர், தகரக் கூரை, இரண்டு அறை. அப்படியும் உங்கள் அறைச் சுவரில் ஒரு வெடிப்பு வந்தது. கோடையில் திறந்துகொள்ளும், மழைக்கு மூடிக்கொள்ளும். உன் தம்பி அதில் பென்சில் செருகி வைப்பான். மழை வந்தால் பென்சிலை எடுக்க முடியாது. இந்தக் கொத்தனார் கட்டினது சரியில்லை என்று யார் சொன்னாலும் நம்பாதே. இந்த மண்ணில் நிற்கிற வீடு அசையத்தான் செய்யும்.

குழிகளைக் கோடையிலேயே தோண்டி வெயில் காயப் போட்டோம். மாவுக்கு மட்டும் மழைத் தண்ணீர் தேங்காமல் இருக்க மேடு போட்டு அதில் குழி எடுத்தோம். இனி எரு வேண்டும். இந்த இடத்தில்தான் அம்மா ஒரு யோசனை சொன்னாள்.

அவள் நரிக்குடிப் பக்கம் பிறந்தவள். கண்மாய்த் தண்ணீரில் நெல் விளைகிற ஊர். அங்கே அறுப்பு முடிந்ததும் வயலில் கிடை போடுவார்கள். ஆடு மேய்க்கிற கீதாரிகள் செம்மறிகளைக் கொண்டுவந்து சில நாளைக்கு வயலில் அடைத்து வைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் சேரும். "எங்கய்யா வருசா வருசம் போடுவாக. அதுக்கு மிஞ்சின உரம் எந்தக் கடையில இருக்கு?" என்றாள். எனக்கும் அது சரியாகப் பட்டது. ராமநாதபுரம் பக்கமிருந்து வந்த ஒரு கீதாரி ஆனி மாதத்தில் கிடையைக் கொண்டுவந்து நம் காட்டில் அடைத்தார். நீங்கள் இரண்டு பேரும் குட்டிகளை விட்டு நகரவே இல்லை. புழுக்கையைக் கூட்டி அள்ளி எல்லாக் குழியிலும் போட்டு, மேல்மண் கலந்து மூடினோம். கீதாரி கிளம்பும்போது, "எங்க ஆடு உங்க நெலத்துக்கு வரம் குடுத்துட்டுப் போகுது, வேணும்னா பாருங்க" என்றார்.

ஐப்பசி மழை நன்றாக இறங்கியது. சொன்ன கன்றுகளோடு கொஞ்சம் எலுமிச்சையும் நட்டோம். கன்றுக்கு வெயில் மறைக்க, விதை இருந்த வரைக்கும் குழிகளின் ஓரத்தில் அம்மா அகத்தி ஊன்றினாள். பத்து நாளில் குழியெல்லாம் பச்சை. ஒரு குழியில் ஒன்றுக்கு எட்டாக முளைத்திருந்தது. தினம் குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றும்போது அம்மா அவற்றுக்கும் சேர்த்து ஊற்றினாள். விதை தீர்ந்துபோனதால் மேற்கு வரிசைக்கு அகத்தி ஊன்றவில்லை. அந்த வரிசையிலும் முளைத்திருந்ததைப் பார்த்தபோதுதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. குனிந்து ஒன்றைத் தொட்டாள். கையை எடுத்து விரலைப் பார்த்தாள்.

"ஏங்க," என்று கூப்பிட்டாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "இங்க வாங்க. அகத்திக்கு முள்ளு இருக்குமா?"

எல்லாம் கருவை. ஊன்றின அகத்தி அதற்குள் எங்கேயோ அமுங்கிப்போயிருந்தது.

கோடையில் தீனி இல்லாதபோது ஆடு எதைத் தின்னும்? கருவை நெற்றைத்தான் தின்னும். கொட்டை செரிக்காமல் புழுக்கையோடு வெளியே வரும், வயிற்றில் ஊறினதால் இன்னும் சீக்கிரம் முளைக்கும். இது இந்தச் சீமையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும், கீதாரிக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அம்மா கண்டது வயல். அங்கே முளைத்தது எல்லாம் சேற்று உழவில் மடங்கி அழுகிப்போகும், அதனால் யாரும் அதை ஒரு பொருட்டாக நினைத்ததே இல்லை. நம்முடையதோ உழவு இல்லாத குழி. எருவும் போட்டு, தினம் தண்ணீரும் ஊற்றி, கொய்யாவின் தூரிலேயே கருவையை நட்டு வைத்திருந்தோம். ஜேசிபி வைத்துத் தள்ளினதை நாமே கூப்பிட்டு உள்ளே விட்டுவிட்டோம்.

அம்மா வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளோ என்று பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். "வரம்னு சொன்னாரே அந்தக் கீதாரி" என்றாள்.

செய்தி பரவ ஒரு நாள் போதுமானதாக இருந்தது. அடுத்த முறை பெரியப்பா வந்தபோது, இறங்கியதும் குழிகளைத்தான் பார்த்தார்.

"ஏலே, கருவைக்கா தண்ணி ஊத்துற? நான் சும்மா விட்டு வளத்தேன், நீ உரம் போட்டுல்ல வளக்குற. மூட்டக்காரருக்கு ரொம்பச் சந்தோசம்."

அம்மா வீட்டு வாசலில் இருந்தே சொன்னாள். "ஆமா மாமா. ஆடிக்கு வாங்க. அறுத்துத் தாரோம்."

டீக்கடையில் என்னைப் பார்த்தால், "வெள்ளாமை எப்படி, நெத்து நல்லா விடுதா?" என்று கேட்பார்கள். ஒருநாள் டவுனில் கடப்பாரைக்கு முனை அடித்து வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். எங்கே இறங்கணும் என்று கண்டக்டர் கேட்டார். அந்த வளைவு என்றேன். "ஓ, கருவைக்குத் தண்ணி ஊத்துற வீடா?" என்று கேட்டுவிட்டு, டிரைவரைப் பார்த்து, "கருவக்காடு எறங்கு" என்று குரல் கொடுத்தார். பஸ்ஸே சிரித்தது. உங்களைக் கஷ்டப்படுத்துகிற பேர் அன்றைக்குத்தான் பிறந்தது. கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினேன். அந்தச் சிரிப்பு முதுகில் படபடவென்று விழுந்தது. வீட்டுக்கு வரும்வரை நான் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது ஒரே ஒரு வேலை. பிடுங்குவது.

கருவைக் கன்றைக் காய்ந்த மண்ணில் பிடுங்கினால் பாதி வேர் உள்ளே நின்றுவிடும், அது ஒன்றுக்கு இரண்டாக வரும். ஈரத்தில் இழுத்தால் முழுசாக வரும், ஆனால் பக்கத்தில் நிற்கிற சப்போட்டாவின் வேரும் கூட வரும். அதனால் ஒரு கையால் பழக்கன்றின் தூரை அமுக்கிப் பிடித்து, மறு கையால் கருவையைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து எடுக்க வேண்டும். நான் இரும்புக் கடை வேலைக்குத் தினம் போய் வந்தேன், அதனால் ஞாயிற்றுக்கிழமையும் காலை நேரமும்தான் என்னுடையது. மற்ற நேரமெல்லாம் அம்மாதான். கைக்குத் துணி சுற்றிக்கொள்வாள். துணி கிழிந்தால் என் பழைய பேண்ட்டு. முள் ஏறிச் சீழ் வைத்து, ஒரு வாரம் சோற்றை இடது கையால் பிசைந்தாள். ஒரு வரிசை முடித்துத் திரும்பினால் முதல் குழியில் புதிதாக முளைத்திருக்கும். மழை விட்டுப் பனி வந்தது, பனி விட்டு வெயில் வந்தது, அது முளைப்பதை நிறுத்தவில்லை. நாங்களும் நிறுத்தவில்லை.

கேலி செய்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. கருவைக்காகத் தினம் குழியைக் கிண்டினோம். அதனால் பழக்கன்றின் தூர் எப்போதும் பொலபொலவென்று இருந்தது.

பங்குனியில், காட்டு மூலையில் வெட்டியிருந்த பண்ணைக்குட்டையில் தேங்கின மழைத் தண்ணீர் வற்றிவிட்டது. இனி போரில் வருகிற உப்புத் தண்ணீர்தான். எலுமிச்சை இலையின் ஓரம் தீய்ந்து, எல்லாம் ஒரே மாதத்தில் போயிற்று. மா ஒவ்வொன்றாகப் போனது. அவ்வளவு மேடு போட்டு நட்டதில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. சித்திரையில் பெரியப்பா சொன்னது போலவே நிலம் வெடித்தது. வெடிப்பு கன்றின் தூர் வரைக்கும் வந்து, உள்ளே எட்டிப் பார்த்தால் வேர் காற்றில் தொங்கியது. அறுந்த வேரும் தெரிந்தது. அப்போது எனக்குப் பயம் வந்தது. முளைப்பதைப் பிடுங்கலாம், வெடிக்கிற நிலத்தை எப்படித் தைப்பது?

வரப்பில் நாங்கள் பிடுங்கிப் போட்ட கருவை மலையாகக் குவிந்து கிடந்தது. அதற்குப் பக்கத்தில் பழைய மூட்டம் எரிந்த இடத்தில் கரித்தூள் கணுக்கால் உயரத்துக்குக் கிடந்தது, யாருக்கும் வேண்டாமல். அம்மா இரண்டையும் பார்த்தாள்.

"இதுகளைப் பிடுங்கின கூலியை இதுககிட்டயே வாங்கணும்" என்றாள்.

கரித்தூளையும் மண்ணையும் கலந்து வெடிப்புகளில் நிரப்பினோம். மேலே கருவை இலையைக் கொத்திப் பரப்பினோம். முள் கொப்புகளை ஒவ்வொரு கன்றுக்கும் வேலியாக வைத்தோம். மூடின இடத்தில் மண் மறுபடி வாய் திறக்கவில்லை. திறந்த இடத்தில் மறுபடி நிரப்பினோம். உங்கள் இரண்டு பேர் கையிலும் சட்டி கொடுத்தோம். நீங்கள் கரிப்பூச்சோடு பள்ளிக்கூடத்துக்குப் போனது அந்தக் கோடை முடிகிற சமயம்தான். டீச்சர் கேட்டதற்கு, "வீட்டுல நெலத்துக்கு மருந்து போட்டோம்" என்று நீ சொன்னதாக அவுகளே வந்து சொன்னாக.

ஆடி வந்தது. பெரியப்பா வந்தார். கூடவே மூட்டம் போடுகிறவரும் வந்தார், கையில் அளக்கிற டேப்போடு.

அம்மா எங்கள் பக்கத்தில் இல்லை. மேற்கு வரிசையில் குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

பெரியப்பா முதலில் செத்ததைத்தான் பார்த்தார். "இது போச்சு. இது போச்சு. எலுமிச்சை பூராம் போச்சு. மா எங்கலே, மாந்தோப்பு?"

"ஒண்ணு நிக்குது."

"ஒண்ணைத் தோப்புன்னு சொல்ல முடியுமா?"

"கொய்யா நிக்குது. சீத்தா நிக்குது, நெல்லி நிக்குது. சப்போட்டா நாலஞ்சுதான் போச்சு. எல்லாம் நிக்கணும்னு நீங்க சொல்லலேண்ணே."

"பாதிக்குப் பாதின்னாலும் நிக்கணும்ல?"

"எண்ணுங்க."

நாங்கள் இப்படி இழுத்துக்கொண்டிருந்தபோது மூட்டக்காரர் தனியாக நடந்து போனார். அவர் பழக்கன்று எதையும் பார்க்கவில்லை. அது அவர் தொழில் இல்லை. வரப்போரம் பார்த்தார், குழிக்குள் பார்த்தார், இடைவெளியில் காலால் மண்ணைத் தள்ளிப் பார்த்தார். காட்டின் நடுவில் நின்றார். அங்கிருந்து கிழக்கே பெரியப்பா பாதியில் கருவை ஆளுயரத்துக்கு நின்றது, மேற்கே நம் பாதி வெளிச்சமாகக் கிடந்தது. திரும்பி வந்து டேப்பைச் சட்டைப் பையில் போட்டார்.

"அண்ணாச்சி, கிழக்க வெட்டுறேன். மேக்க எனக்குச் சோலி இல்ல."

"ஏன்?" என்றார் பெரியப்பா.

"கருவை எங்க இருக்கு? வெரல் தண்டிக்குக்கூட ஒண்ணு இல்ல. வேரே இல்ல. இன்னைக்கு விட்டாலும் எனக்கு ஆகுற மாதிரி வளர வருசக்கணக்காகும். அதுக்கும் அந்தப் பிள்ளை விடாது போல இருக்கு." அம்மா குனிந்திருந்த பக்கம் கையைக் காட்டினார்.

பெரியப்பா அந்தப் பக்கம் பார்த்தார். அம்மா அப்போதும் நிமிரவில்லை. ஒரு கருவைக் கன்றை வேரோடு உருவி, உதறி, பின்னால் போட்டாள். அடுத்த குழிக்கு நகர்ந்தாள். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். தாத்தாவும் இந்தக் காட்டில் இப்படிக் குனிந்துதான் இருந்தார். பெரியப்பாவுக்கு அது ஞாபகம் வந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

"கல்லு வச்சிருக்கியாலே?" என்றார்.

வைத்திருந்தேன். ஜெயிப்பேன் என்று தெரிந்து வாங்கி வைத்தது இல்லை. வீடு கட்டின மிச்சத்தில் நல்லதாக ஒரு கல்லை அம்மா சுவரோரம் சாய்த்து வைத்து, யாரும் எடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தாள். கடப்பாரையை நான் எடுத்தேன், பெரியப்பா வாங்கிக் குழி போட்டார். கல்லை நாங்கள் இரண்டு பேரும் இறக்கினோம். மண்ணைத் தள்ளி மிதிக்கும்போது அவர் சொன்னார், "கருவை எம்பக்கம் இருந்து வந்துக்கிட்டேதான் இருக்கும் பாத்துக்க. கல்லைப் பாத்து நிக்காது."

"வரட்டும்ணே" என்றேன்.

அம்மா அப்போதுதான் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "காபி போடுறேன், இருங்க மாமா" என்றாள். பிறகு மூட்டக்காரரைப் பார்த்து, "உங்களுக்குத்தான் சாமான் போட எடம் இல்லாமப் போச்சு" என்றாள். அவர் சிரித்துவிட்டார்.

அதற்குப் பிறகு பத்திரம் பதிந்தோம். கொய்யா காய்த்தது. முதல் காயை உன் தம்பி பழுக்கவிடாமல் பறித்தான், அடி வாங்கினான், தின்றான். பெரியப்பா வரும்போதெல்லாம் ஒரு பை கொண்டுபோகிறார். கடையில் வைத்து, "எந்தம்பி காட்டுக் கொய்யா, தித்திப்பு பாருங்க" என்கிறாராம். போன வருடம் அவர் பாதியிலும் நெல்லி வைக்கலாமா என்று கேட்டார். "கிடை போடாதீக மாமா" என்றாள் அம்மா.

ஆனால் கருவை போகவில்லை. இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பெரியப்பா சொன்னது சரிதான், அது கல்லைப் பார்த்து நிற்பதில்லை. ஒவ்வொரு மழைக்கும் வருகிறது. ஒவ்வொரு மழைக்கும் பிடுங்குகிறோம். ஒரு வருடம் விட்டால் வரப்புக்கு வந்துவிடும், மறு வருடம் உள்ளே இறங்கிவிடும். எங்கள் காலத்தோடு இது முடிந்துவிடும் என்று நான் சொன்னால் அது பொய்.

அதனால்தான் கண்டக்டரிடம் சொல்ல மாட்டேன் என்றேன். அவர் வேறு பேர் சொன்னால், இங்கே எப்போதும் தோப்புதான் இருந்தது என்று வருகிறவர்கள் நினைப்பார்கள். கொஞ்ச நாளில் நீங்களும் நினைப்பீர்கள். அப்படி நினைத்தவர்கள் குனிந்து பார்க்க மாட்டார்கள். நாளைக்கு "கருவக்காடு எறங்கு" என்று அவர் குரல் கொடுத்தால், சத்தமாக "எறங்குறோம்" என்று சொல்லிவிட்டு இறங்குங்கள். பின் சீட்டுப் பையன்கள் சிரித்தால், கருவை இருந்த காடுதான், உங்கம்மா பிடுங்கினது என்று சொல்லுங்கள். அதற்கு மேலும் சிரித்தால் ஒரு கொய்யாவைக் கொடுங்கள். வாய் அடைத்துக்கொள்ளும்.

இதை எழுதி முடிக்கும்போது மழை விட்டிருக்கிறது. மண் நல்ல ஈரத்தில் இருக்கிறது, வேர் முழுசாக வரும். அம்மா மேற்கு வரிசையைத் தொடங்கிவிட்டாள். படித்து முடித்ததும் கைக்குத் துணி சுற்றிக்கொண்டு இரண்டு பேரும் வாருங்கள். பழக்கன்றின் தூரை ஒரு கையால் அமுக்கிப் பிடிக்க மறக்க வேண்டாம்.